கடைசி மடக்கு எத்தனை மணிக்கு?

கார்த்திகை ஒன்றாம் தேதி குடியை நிறுத்தி, குளித்து, நீறு பூசி, மலைக்கு மாலை போட்டவர், மூன்றாம் தேதி ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து சுவரைத் தட்டிக்கொண்டே இருப்பார். "எத்தனை எறும்பு ஊருது பாருங்க" என்பார். சுவரில் ஒன்றும் இருக்காது. பனியன் வியர்வையில் உடம்போடு ஒட்டியிருக்கும். தறி ஓட்டுகிறவராக இருந்தால், விரல்கள் காற்றில் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். லாரி ஓட்டுகிறவர் என்றால் இல்லாத ஸ்டீயரிங்கைத் திருப்புவார். பெற்ற பிள்ளையை யாரென்று கேட்பார்.

விரதத்தில் ஏதோ குறை வந்துவிட்டது என்று வீட்டில் பேச்சு ஓடும். விடிந்ததும் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவாகும். அவர் உயிருக்கு ஆபத்து இருப்பது, விடிவதற்கு முன்னால் இருக்கிற அந்தச் சில மணி நேரத்தில்.

மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிய வாரத்திலும், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டத்திலும் இதையே பார்க்கலாம். சாமி பேரைச் சொல்லிக் குடியை நிறுத்துவது நல்ல மனசோடு எடுக்கிற முடிவு. அதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு, நிறுத்திய நிமிஷத்தில் இருந்து ஒரு கெடுவை எண்ணத் தொடங்கிவிடுகிறது. சாராயத்துக்கு ஒரு கெடு, மாத்திரைக்கு ஒரு கெடு, கஞ்சாவுக்கு ஒரு கெடு. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று: "கடைசியா எத்தனை மணிக்குங்க குடிச்சாரு?" இதற்கு மணி சொல்லத் தெரிந்த ஆள் ஒருவர் கூட வந்தால், வைத்தியத்தில் பாதிக் குழப்பம் வாசலிலேயே தீரும்.

சாராயம் மூளையில் செய்வதை, திம்பம் மலைப்பாதையில் பாரத்தோடு இறங்குகிற லாரியை வைத்துச் சொல்லலாம். மூளை நரம்புகளுக்கு பிரேக் போடுகிற ரசாயனம் ஒன்று உண்டு, அதன் பெயர் காபா. முடுக்கிவிடுவது குளூட்டமேட். சாராயம் காபா என்கிற அந்த பிரேக்கை அழுத்திப் பிடிக்கிறது, குளூட்டமேட்டின் கையைக் கட்டுகிறது. அதனால்தான் முதல் ரவுண்டில் உடம்பு தளர்கிறது, நாக்கு குழறுகிறது. தினமும் இப்படி பிரேக் விழுந்தால் மூளை சும்மா இருக்காது. பிரேக்குக்கு அசையாத மாதிரி தன்னை மாற்றிக்கொள்ளும், முடுக்குகிற வாசல்களைக் கூடுதலாகத் திறந்து வைக்கும். வண்டி ஒரு மாதிரி சமமாக ஓடும். திடீரென்று ஒருநாள் சாராயத்தை எடுத்துவிட்டால் பிரேக் போய்விடுகிறது, முடுக்கு மட்டும் மிச்சம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவில் அந்த லாரி என்னாகுமோ அதுதான் மூளைக்கும்.

மணிக்கணக்கு ஏறத்தாழ இப்படிப் போகும். கடைசி மடக்குக்குப் பின் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் கை நடுங்கும். டீக்கடையில் காலை ஆறு மணிக்கு கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, வாயைக் கிளாஸை நோக்கிக் கொண்டுபோகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அது குளிர் இல்லை. கூடவே வியர்வை, படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை. ஆறு மணியில் இருந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பிட்ஸ் வரலாம். நாற்பத்தெட்டில் இருந்து தொண்ணூற்றாறு மணி நேரத்துக்குள் மேலே சொன்ன எறும்பும் இழையும். மூன்றாம் கட்டத்துக்குப் போனவருக்குக் காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். வைத்தியம் இல்லாமல் விட்டால் சாவு நிஜமாகவே நேர்கிறது.

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் இந்தக் கணக்கு சம்பள நாளோடு சேர்ந்து வரும். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். அன்று ராத்திரி தொடங்கி ஞாயிறு ராத்திரி வரை குடி. திங்கட்கிழமை வேலைக்குப் போயே ஆகவேண்டும், அதனால் தொடுவதில்லை. திங்கள் காலையில் இருந்து செவ்வாய் ராத்திரி வரை பிட்ஸுக்கான நேரம். அந்த நேரத்தில் அவர் ஓடுகிற தறிக்குப் பக்கத்திலோ, கட்டிங் மெஷினுக்கு முன்னாலோ, சாயப்பட்டறையில் கொதிக்கிற தொட்டி ஓரத்திலோ நின்றுகொண்டிருப்பார். குடோன் நடத்துகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். திங்கட்கிழமை கை நடுங்குகிற ஆளுக்கு மடிக்கிற வேலையைக் கொடுங்கள், மெஷின் வேண்டாம்.

பிட்ஸ் வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதும் இரும்பைப் பிடிக்க வைப்பதும் இன்னமும் நடக்கிறது. இழுப்பு தானாகவே ஒன்றிரண்டு நிமிஷத்தில் நிற்கும், அதனால் இரும்பு நிறுத்தியது மாதிரித் தெரியும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மெஷினை நிறுத்தி, சுற்றி இருக்கிற சாமானை அக்கட்டால தள்ளுங்கள். தலைக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சிலும் வாந்தியும் வெளியே வழியட்டும். வாயில் கரண்டியோ விரலோ வைக்கக் கூடாது, பல் உடையும். கையைக் காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. முழு நினைவு வரும்வரை தண்ணீர் கொடுக்கக் கூடாது, நேராக நுரையீரலுக்குப் போகும். மணி பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ 108. ஒரே தடவை வந்து நின்றிருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும். எறும்பு வருவதற்கு முந்தைய எச்சரிக்கை அதுதான்.

பக்கத்து கிளினிக்கில் போய் "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திவிடுங்க, தெம்பாயிருவாரு" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். நீண்டநாள் குடித்தவருக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சாராயம் பி1 சத்தை, அதாவது தயமினை, உடம்பில் தங்கவிடாது. சோறும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். குளுக்கோஸை எரிக்க உடம்புக்கு பி1 வேண்டும். மிச்சமிருந்த கொஞ்சத்தையும் அந்த பாட்டில் தீர்த்துவிட்டால் மூளையின் நடுப்பகுதி அடிவாங்கும். கண் ஒரு பக்கமாக இழுக்கும் அல்லது ஆடும், நடை தள்ளாடும், குழப்பம் கூடும். சரியான நேரத்தில் பி1 ஊசி போட்டால் பெரும்பாலும் திரும்பிவிடலாம். தவறவிட்டால் புது நினைவு எதுவும் ஒட்டாத நிலை நிரந்தரமாகிவிடும்; காலையில் பேசியது மத்தியானம் இருக்காது, இடையில் விட்டதைக் கற்பனையால் நிரப்பிச் சொல்வார். ஆகவே ஊசி போடும் இடத்தில் "குளுக்கோஸுக்கு முன்னாடி பி1 போட்டாச்சுங்களா?" என்று தைரியமாகக் கேளுங்கள். "குடிப்பார்" என்ற ஒரு வார்த்தையைக் கூச்சப்பட்டு மறைக்கிற வீடுகளில்தான் இது தவறுகிறது.

மாலை போடுகிற எண்ணம் இருந்தால் பத்து நாள் முன்னாலேயே டாக்டரைப் பாருங்கள். குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம், ஈரல் கெட்டவருக்கு லோரசெபாம் என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்து, ஐந்தாறு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். சாராயம் பிடித்துக்கொண்டிருந்த அதே பிரேக்கை அந்த மாத்திரை கொஞ்சநாள் பிடித்து, மெதுவாக விடுகிறது. இதைத் தானாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. மாத்திரையும் சாராயமும் சேர்ந்தால் மூச்சு அடங்கும். முன்பே ஒருமுறை பிட்ஸ் வந்தவர், தூங்கி எழுந்ததும் குடிக்காமல் இருக்க முடியாதவர், தினமும் அரை பாட்டிலைத் தாண்டுகிறவர், மஞ்சள் காமாலை வந்தவர், அறுபது வயசுக்கு மேற்பட்டவர் ஆகியோர் ஆஸ்பத்திரியில் படுத்தே நிறுத்தவேண்டும். டாக்டரைப் பார்க்கிற நாள்வரைக்கும் ஒரேயடியாக நிறுத்திவிடவும் வேண்டாம். அறையில் போட்டுப் பூட்டி நிறுத்த வைப்பது மிக மோசமான வழி. இழுப்பு வந்தது உள்ளே இருப்பவருக்கே தெரியாது, வெளியே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

அளவைப் பற்றியும் ஒரு கணக்கு. குவார்ட்டர் என்பது 180 மில்லி. டாஸ்மாக் பிராந்தியில் சாராயம் 42.8 சதவீதம். ஆக ஒரு குவார்ட்டரில் சுத்தமான சாராயம் ஏறத்தாழ 77 மில்லி, எடையில் 60 கிராம். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். ஒரு குவார்ட்டர் உடம்பை விட்டுப் போக ஆறிலிருந்து எட்டரை மணி நேரம் ஆகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு அரை பாட்டிலை முடித்தவர் காலை ஆறு மணிக்கு பைக் எடுத்தால், குடித்துவிட்டு ஓட்டுகிறார் என்றுதான் அர்த்தம். மோர், எலுமிச்சை, கட்டங்காபி, பச்சைத்தண்ணீர்க் குளியல் எதுவும் ஈரலை வேகப்படுத்தாது. கடைசி மடக்குக்குப் பிறகும் ஒரு மணி நேரம்வரை ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டேதான் இருக்கும். "படுத்துட்டாரு, இனிப் பரவால்ல" என்று விட்டு வருகிற நேரம் அதுதான். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். இடது பக்கமாக ஒருக்களித்து, மேல் முழங்காலை மடக்கி, கன்னத்துக்கு அடியில் அவர் கையையே வையுங்கள். தட்டினாலும் கிள்ளினாலும் எழவில்லை என்றால் அது தூக்கம் இல்லை.

குடியை மறக்கடிக்கும் பொடி என்று சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற வீடுகள் நிறைய. உள்ளே இருப்பது பெரும்பாலும் என்னவென்றே தெரியாது, சிலவற்றில் டைசல்ஃபிராம். அது சாராயம் உடைகிற பாதையைப் பாதியில் அடைக்கிற மருந்து. மேலே குடித்தால் அசிட்டால்டிஹைடு ரத்தத்தில் தேங்கும்: முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரேலென்று விழும். இதயநோய் இருந்தால் உயிரே போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை உடம்பில் வேலை செய்யும். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிடுகிறவருக்கு நல்ல மருந்து. தெரியாமல் கொடுத்தால் அவருக்கு விஷம் வைப்பதற்குச் சமம். வெசனப்படுகிற மனைவியின் மனசு புரிகிறது. ஆனாலும் இதைச் செய்யாதீர்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அது மெத்தனால். அதன் கெடு வேறு மாதிரி. குடித்தவுடன் சாதாரண போதை. பன்னிரண்டு மணியிலிருந்து ஒரு நாள் கழித்து வயிற்றுவலி, மூச்சிரைப்பு, கண்முன் வெள்ளைப் படலம். ஈரல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தின்கிறது. ஒரே கேனில் குடித்த ஒருவருக்குக் கண் மங்கினால், நன்றாக இருக்கிற மற்றவர்களையும் அப்போதே வண்டியில் ஏற்றுங்கள். முறிவு மருந்தும் டயாலிசிஸும் அமிலம் சேருமுன் கிடைத்தால் பார்வையும் உயிரும் தப்பும்.

இனி மாத்திரை. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இளவட்டங்களிடம் பிடிபடுவதில் பெரும்பங்கு டேபென்டடால் என்கிற வலி மாத்திரை. எலும்பு முறிவு, ஆபரேஷன் வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கிற நல்ல மருந்து. டிரமடாலை 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு பலர் இதற்குத் தாவினார்கள். "மருந்துக்கடை மாத்திரைதானே, கஞ்சா மாதிரியா" என்று நினைக்கிற பையன்களிடம் நேராகச் சொல்லவேண்டியது: இது அபின், ஹெராயின் உட்காருகிற அதே இடத்தில் உட்காருகிறது.

உடம்பே அபின் மாதிரிச் சில பொருள்களைச் சுரக்கிறது, என்டார்ஃபின் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வலியையும் பயத்தையும் அமர்த்த அதற்கென்று வாசல்கள் மூளையில் உண்டு. மூளைத்தண்டில், மூச்சை ஓட்டுகிற இடத்திலும் அந்த வாசல்கள் இருக்கின்றன. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் "மூச்சை இழு" என்று உத்தரவு போடுவது அந்த இடம். மாத்திரை அந்த உத்தரவையே மந்தமாக்குகிறது. மூச்சு திணறுகிற அவஸ்தை அவருக்குத் தெரியாது. சுகமாகத் தூங்குகிற மாதிரியே போய்விடுவார். கூடவே ஒரு குவார்ட்டரோ, அல்பிரசோலம், நைட்ரசெபாம் மாதிரித் தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இரண்டு பக்கமிருந்தும் மூச்சை அமுக்குகிறது. சாவுகளில் அதிகம் இந்தக் கலப்பில்தான்.

கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். கண்ணைத் திறந்து டார்ச் அடித்தால் கண்பாப்பா கடுகளவுக்குச் சுருங்கியிருக்கும். உதடும் நகக்கண்ணும் நீலம் பாரிக்கும். ஆழமான, கொரகொரவென்ற குறட்டை, நடுநடுவே நீண்ட இடைவெளி. "ரவைக்கு நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குனானுங்களே" என்று காலையில் அழுகிற தாய்மார் கேட்டது அந்தக் குறட்டையைத்தான். நெஞ்சில் கைவைத்து, கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். ஒழுங்கான மூச்சு பன்னிரண்டிலிருந்து இருபது. பத்துக்குக் கீழே போனால் 108. மூச்சு நின்றிருந்தால், தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து வினாடிக்கு ஒரு தடவை ஊதுங்கள். நாடியும் இல்லையென்றால் நெஞ்சை அமுக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் நாலாக்சோன் ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்" என்பான். விடாதீர்கள். அந்த ஊசி வேலை செய்வது அரை மணியில் இருந்து ஒன்றரை மணி நேரம். மாத்திரையின் வேகம் அதற்கு மேலும் ஓடும். ஊசி தீர்ந்ததும் மறுபடி மூச்சு அமுங்கும்.

இதை ஊசியில் ஏற்றுகிறவர்களின் கையைப் பார்த்தால் வேறு கதை. முழங்கையின் உட்பக்கத்து ரத்தக்குழாய் சணல்கயிறு போலத் தடித்து, அமுக்கினால் நகராது. ஓரத்தில் சூடான, பளபளப்பான சிவப்பு வீக்கம், அமுக்கினால் சீழ். மாத்திரை மருந்து மட்டும் இல்லை. டால்க், மாவு, செல்லுலோஸ் எல்லாம் சேர்த்து அச்சடித்தது. வயிற்றுக்குப் போனால் அவை செரிமானத்தோடு போய்விடும். ரத்தத்தில் போனால் கரையாது. நுரையீரலின் மயிரிழை ரத்தக்குழாய்களில் போய் அடைத்து, மாடிப்படி ஏறினாலே இரைக்கிற நிலைக்குக் கொண்டுபோகும். இருபது வயசுப் பையனுக்குக் காரணமே தெரியாத காய்ச்சல் வாரக்கணக்கில் விட்டுவிட்டு வந்தால் இதய வால்வில் கிருமி பிடித்திருக்கலாம், எக்கோ எடுக்கவேண்டும். ஊசியை மாற்றிப் போட்டிருந்தால் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி சோதனை உடனே செய்யவேண்டும். ஹெபடைட்டிஸ் சி-யை இன்று மூன்று மாத மாத்திரையில் குணமாக்க முடிகிறது, பயந்து ஒளிய வேண்டியதில்லை.

நிறுத்தினால்: எட்டு மணியிலிருந்து ஒரு நாளுக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணில் தண்ணீர். பிறகு மயிர்க்கூச்சு. வெயில் காலத்து மத்தியானத்தில் கோழி உரித்த தோல் மாதிரி மேலெல்லாம் புள்ளி எழுந்து, போர்வை கேட்பான். வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைச்சல், கால் உதறல். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். சாராயம் மாதிரி இது சாதாரணமாக உயிரை எடுப்பதில்லை, ஆனால் உடம்பில் தண்ணீர் வற்றும். ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். நாக்குக்கு அடியில் வைக்கிற பியூப்ரனார்ஃபின் மாத்திரை இந்த அவஸ்தையை வெகுவாகக் குறைக்கிறது. அதை ஆரம்பிக்கவும் நேரம் பார்க்கவேண்டும்: கொட்டாவியும் மயிர்க்கூச்சும் வந்த பிறகுதான். பழைய மாத்திரை வாசலில் இருக்கும்போதே வைத்தால், அதைப் பிடுங்கி எறிந்து அவஸ்தையை ஒரே நொடியில் உச்சத்துக்குக் கொண்டுபோகும். டாக்டரிடம் "நேத்து சாயங்காலமே நிறுத்திட்டேன்" என்று பொய் சொல்கிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

தூக்க மாத்திரைக்குத் தனி எச்சரிக்கை. மாதக்கணக்கில் போட்டவர் ஒரேநாளில் நிறுத்தினால் சாராயம் மாதிரியே பிட்ஸ் வரும், சிலதில் ஒரு வாரம் கழித்துக்கூட. வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் குறைத்துத்தான் நிறுத்த முடியும்.

கஞ்சாவைப் பற்றி இரண்டு பக்கமும் பொய் பேசுகிறார்கள். ஒரு பொட்டலத்தில் பைத்தியம் என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். மூலிகைதானே என்று பையன்கள் சொல்வார்கள். மூளை தானாகச் சுரக்கிற, கஞ்சாவின் வாசலில் உட்காருகிற பொருளை 1992-ல் கண்டுபிடித்தவர்கள் அதற்கு ஆனந்தமைடு என்று நம் ஆனந்தத்தையே பெயராக வைத்தார்கள். நினைவு, நேர உணர்வு, உடல் சமநிலை, பசி எல்லாம் அந்த வாசல்களின் கையில். மூளைத்தண்டில் அவை குறைவு, அதனால் கஞ்சாவில் மூச்சு நின்று சாவது அரிது. இதயத் துடிப்பு கூடும். ஏற்கனவே அடைப்பு இருக்கிற ஐம்பது வயசுக்காரருக்கு அது போதும்.

புகைத்தால் சில நிமிஷத்தில் ஏறி இரண்டு மூன்று மணியில் இறங்கும். சாக்லேட்டாகத் தின்றால் ஏற அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஈரல் வழியாகப் போகும்போது இன்னும் வீரியமான பொருளாக மாறும். எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் நீடிக்கும். ஒன்றைத் தின்று "ஒண்ணும் தெரியலையே" என்று இன்னொன்றைத் தின்பவர் இரண்டும் ஒட்டுக்கா ஏறும்போது செத்துவிடுவோம் என்ற பயத்தில் நடுங்குவார். இருட்டான, சத்தமில்லாத இடத்தில் உட்கார வைத்து, தெரிந்த குரல் ஒன்று பேசிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அடங்கும். சின்னக் குழந்தை அந்தச் சாக்லேட்டைத் தின்றிருந்தால் காத்திருக்கக் கூடாது, குழந்தைக்கு மயக்கம் ஆழமாகி மூச்சே பாதிக்கும்.

தினமும் பலதடவை புகைத்து வருஷங்கள் ஓடிய சிலருக்கு விடாத வாந்தி வரும். ஸ்கேனில், எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் இருக்காது. ஒரே ஒரு அடையாளம்: சுடுதண்ணீரில் குளித்தால் வாந்தி நிற்கும், அதனால் நாளைக்கு ஏழெட்டுத் தடவை குளியலறைக்குப் போவான். கஞ்சாவை நிறுத்தினால் வாந்தி தீரும். இதைத் தெரியாமல் அல்சருக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

மனநோய் விஷயத்தில் உண்மை இது: எல்லோருக்கும் வராது. பதினைந்து பதினாறு வயசில் தொடங்கியவனுக்கும், தினமும் வீரியமானதைப் புகைக்கிறவனுக்கும், குடும்பத்தில் முன்பே மனநோய் இருப்பவனுக்கும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது. யோசித்து நிதானிக்கிற முன்மூளை இருபத்தைந்து வயசுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதும் ஒரு காரணம். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றித்தான் நாயம் பேசுகிறார்கள், செல்போனில் கேட்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினால் வாக்குவாதம் செய்யாதீர்கள், அந்த வாரமே மனநல டாக்டரிடம் காட்டுங்கள். நிறுத்தினால் இரண்டு வாரம் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வினோதமான கனவு. சண்டை வரும் வாரம் அது என்று வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மெத்தம்பெட்டமைன், ஐஸ் என்கிறார்கள், இதற்கெல்லாம் நேர்எதிர். ஆசையையும் முயற்சியையும் ஓட்டுகிற டோபமினை மூளை இருப்பில் இருந்து மொத்தமாகக் கொட்ட வைக்கிறது. இரண்டு மூன்று நாள் தூக்கமே இல்லை, பசி இல்லை, பல் நறநறவென்று அரைபடும். கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் உடம்புச் சூடு ஏறுவதுதான் முதல் ஆபத்து. ஈரத்துணியால் துடைத்து, காற்றுவீசி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முரண்டு பிடிக்கிறான் என்று நாலுபேர் சேர்ந்து குப்புறப் போட்டு அமுக்கிக் கட்டினால் சூடும் இதயத் துடிப்பும் இன்னும் ஏறி அங்கேயே உயிர் போகலாம். இறங்கும்போது ஒருநாள் இரண்டுநாள் தூங்குவான். எழுந்தால் எதிலும் பிடிப்பில்லாத வெறுமை. அந்த வாரம் தனியாக விடாதீர்கள், தற்கொலை எண்ணம் வருகிற வாரம். டோபமின் அமைப்பு ஓரளவு பழைய நிலைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகிறது. ஆறாவது மாதத்தில் "இன்னும் சிரிக்கவே மாட்டேங்கறான்" என்று கைவிடாதீர்கள்.

பசை, தின்னர் முகர்கிற சிறுவர்களைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். பார்த்ததும் கத்தித் துரத்தக் கூடாது. அந்த ஆவி இதயத் தசையை அட்ரினலினுக்குக் கூசவைத்து வைத்திருக்கும். பயந்து ஓடும்போது அட்ரினலின் பாய்ந்ததும் இதயம் தாளம் தப்பி, முதல் தடவை முகர்ந்த பிள்ளைகூட ஓடிய இடத்திலேயே விழுந்து இறக்கலாம். மெதுவாகப் போய், "வா கண்ணு, உட்காரு" என்று காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். விசாரணை ஒரு மணி நேரம் கழித்து இருக்கட்டும்.

வைத்தியத்துக்கு எங்கே போவது? கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு; போதைக்கும் அங்கேதான் பார்க்கிறார்கள். போனில் கேட்க 104, மத்திய அரசின் போதை மீட்பு எண் 14446. போலீஸ் கேஸுக்குப் பயந்து தாமதிக்கிறவர்கள் நிறையப் பேர். 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு மாட்டிய அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து சிகிச்சையை முடித்தால் வழக்கில் இருந்து விலக்கு தருகிறது. தனியார் மையத்தில் சேர்ப்பதென்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, தினமும் டாக்டர் வருகிறாரா, ராத்திரி பிட்ஸ் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். ஆள் வைத்து ராத்திரியில் தூக்கிக்கொண்டு போகிற இடம், முதல் மாதம் குடும்பமே பார்க்கக் கூடாது என்கிற இடம் வேண்டாம்.

கிளம்பும் முன் தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக எடுத்த மணி. தினசரி அளவு, கூடக்குறைய வேண்டாம். எத்தனை வருஷம். முன்பு பிட்ஸ் வந்ததா, எந்த வருஷம். கூடச் சாப்பிட்ட மற்ற மாத்திரைகள்; காலி அட்டையையும் பையில் போடுங்கள். கடைசியாகச் சோறு தின்ற நேரம்.

திரும்பி வந்த முதல் நாள்கள் மாத்திரைக்காரருக்கு மிக ஆபத்தானவை. பத்து நாள் இல்லாமல் இருந்ததில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிட்டிருக்கும்; மனசுக்குப் பழைய அளவுதான் ஞாபகம் இருக்கும். முன்பு ராத்திரிக்குப் போட்ட அதே எண்ணிக்கை இப்போது மூச்சை நிறுத்தும். இதை அவரிடமும் அவர் கூட்டாளிகளிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், யோசனை கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று தயங்காதீர்கள்.

குடிக்காரருக்கு முதல் சனிக்கிழமை. சம்பளம் கையில் வராமல் பாஸ்புக்கில் ஏறட்டும். குடோனை விட்டு வெளியே வரும் முன்பே வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கட்டும். பசியோடு இருப்பவருக்குத் தாகம் இரட்டிப்பாகத் தெரியும். வழக்கமான கடை இருக்கிற ரோட்டை விட்டு, மச்சானோ மாமனோ பைக்கில் வேறு வழியாகக் கூட்டி வரட்டும். ஆசை ஏறினால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தானாக இறங்கும், அந்த அரை மணியை ஓட்ட ஒரு வேலை தயாராக இருக்கவேண்டும்.

வழுக்கிவிட்டால் அன்று ராத்திரி யாரும் திட்டவேண்டாம். ஒருநாள் குடித்து நின்றிருந்தால் மறுநாள் டாக்டருக்குப் போன் போதும். மூன்று நான்கு நாள் தொடர்ந்திருந்தால் கெடு முதலிலிருந்து தொடங்குகிறது, போன தடவையைவிடக் கடுமையாக. ஒவ்வொரு முறை நிறுத்தி ஆரம்பிக்கும்போதும் பிட்ஸுக்கான வரம்பு இறங்கிக்கொண்டே வரும். போன முறை வீட்டிலேயே சமாளித்ததை வைத்து இந்த முறையும் சமாளிக்கலாம் என்று இருக்காமல், புதுத் தாளில் மணியை எழுதி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.